ஐந்து மணிக்கு விழும் மூச்சு

செவ்வாய்க் கிரகத்துச் செம்முத்துநகரில் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியை மாற்றுவது, அறுந்த செருப்புக்குப் புது வார் போடுகிற மாதிரி. நோயாளியின் உயிரணுவை எடுத்துத் தொட்டியில் புதுக் குழாய் வளர்ப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் எந்திரக்கைகள் அதைத் தைத்து முடித்துவிடும். தண்ணீர்ச் சுத்திகரிப்பு மேஸ்திரி இன்னாசிமுத்துவுக்கும் அப்படித்தான் முடிந்தது. தையலில் ஒரு குறையும் இல்லை.

வில்லங்கம் மூச்சில் இருந்தது. காற்றையே தயாரித்துத்தான் சுவாசிக்க வேண்டும் என்பதால், அந்த ஊரில் அறைக்காற்றைச் சிக்கனமாக, மெலிதாகவே வைத்திருப்பார்கள். நல்ல உடம்புக்கு அது பழகிவிடும். பெருந்தமனி மாற்றியவரின் நுரையீரலோ களைத்துக் கிடக்கும். சில நாள் உயிர்வளி முகமூடி இல்லாமல் ஆகாது. அவர்களுக்காகவே டாக்டர் பொற்கொடி மூச்சுக்கணியை உருவாக்கியிருந்தாள். மணிக்கட்டுத் தோலுக்கடியில் அரிசிக் குறுணை அளவில் ஓர் உணரி. முதலில் தன் கையிலேயே பதித்துச் சோதித்தாள். இரத்தத்தில் உயிர்வளி எப்போது குறையும் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடும். ஏன் குறையும் என்று மட்டும் சொல்லாது.

"மாலை ஐந்து மணிக்கு விழும்" என்றது மூச்சுக்கணி. விழுந்தது. மறுநாளும் ஐந்து என்றது, மறுநாளும் விழுந்தது. பொற்கொடி நுரையீரலைப் படம் எடுத்தாள், இரத்தத்தைச் சோதித்தாள், உயிர்வளியைக் கூட்டினாள், அவரைப் புரட்டிப் படுக்க வைத்தாள். மூச்சுக்கணி அசையவில்லை. அதே ஐந்து மணி!

"இன்னும் ஒரு தடவை இப்படி விழுந்தா தொண்டையில குழாய் இறக்கணும்மா. அப்புறம் அதுல இருந்து மீண்டு வர்றது கஷ்டம்" என்று அவர் மனைவி ஞானப்பூவிடம் சொன்னாள் பொற்கொடி.

"எப்ப விழும்னு தெரியுது, எதனால விழுதுன்னு தெரியலையாக்கும்? என்ன மிஷினும்மா அது!"

பொற்கொடிக்குச் சுருக்கென்றது. மூன்றாம் நாள் திரைகளையெல்லாம் அணைத்துவிட்டு, அவருடைய அறையின் மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. பார்வையாளர் நேரம். மரியாதை தெரிந்த செவிலி எந்திரம் ஒதுங்கி வெளியே போனது. கண்ணாடிப் பண்ணை ஆரஞ்சுப் பையோடு சூசை உள்ளே வந்தார். பின்னாலேயே பாதி ஊர். மூலையிலிருந்த பொற்கொடியைக் கூட்டம் மறைத்துவிட்டது.

"என்ன மச்சான், நெஞ்சுவலி எப்படி வந்திச்சு?"

இன்னாசிமுத்து முகமூடியைத் தாடைக்கு இறக்கினார். "அதை ஏன் கேக்கிய? ரெண்டாம் தொட்டியில வால்வைத் திருகிட்டு நிக்கேன், நெஞ்சுல யாரோ கடப்பாறையை இறக்குன மாதிரி..."

மூச்சு வாங்கியது. உதடு நீலம் பாரித்தது. மனுஷன் நிறுத்தவில்லை! கதை ஆம்புலன்ஸ் வரை வந்தபோது அடுத்த கூட்டம் நுழைந்தது. "அண்ணே, நாங்க இப்பதான் வாறோம், ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க!" கதை மறுபடி இரண்டாம் தொட்டிக்குத் திரும்பியது. அபாய மணி அலறியது. எந்திரம் ஓடி வருவதற்குள் அவர் முகமூடியை மாட்டிக்கொண்டு பரம சாதுவாகக் கண்ணை மூடினார்.

"அட கொடுமையே!" பொற்கொடி பாய்ந்து போய் உயிர்வளியைத் திருகிக் கூட்டினாள். மயிரிழையில் தப்பினார். குழாய் இறக்கவில்லை.

மறுநாள் யாரையும் உள்ளே விடவில்லை. இன்னாசிமுத்து சுவர்த்திரையில் பூமியிலிருக்கும் தம்பியைப் பிடித்தார். செவ்வாயிலிருந்து பேச்சு போய்ச் சேரக் கால்மணி நேரம் ஆகும். இடையில் 'உம்' கொட்ட ஆளில்லாததால் கதையை மூச்சுவிடாமல் சொல்ல ஆரம்பித்தார். அந்தத் திரையையும் பிடுங்கினாள். சாப்பாட்டைத் தள்ளிவிட்டார். இரத்த அழுத்தம் ஏறியது. புதுத் தையல் தாங்குமா என்ற பயம் வந்தது.

"யாருமே வந்து கேக்கலேன்னா நான் போய்ச் சேந்துட்டேன்னுல்லா அர்த்தம்?" என்றார் கண்கலங்க.

பொற்கொடிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நேரே போய்க் கதவைத் திறந்தாள். வாசலில் காத்து நின்ற சூசையை நிறுத்தி, "அண்ணாச்சி, உங்களுக்கு முட்டி ஆபரேஷன் நடந்துச்சாமே? அதைக் கொஞ்சம் அவருக்குச் சொல்லுங்களேன்" என்றாள்.

சூசையின் முகம் மலர்ந்ததைப் பார்க்கணுமே! இத்தனை வருஷத்தில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கட்டிலருகே உட்கார்ந்து முட்டியை விரித்துரைத்தார். அவர் முடிப்பதற்குள் பின்னாலிருந்தவர் தம் சிறுநீரகக் கல்லை ஆரம்பித்தார். அடுத்து ஒரு பித்தப்பை. இன்னாசிமுத்து முகமூடியை இறக்கக் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். ஒருவரும் இடைவெளி விடவில்லை. கடைசியில் மூடின முகமூடியோடு கேட்டபடியே நிம்மதியாகத் தூங்கிப்போனார்.

உயிர்வளி ஏறியது, ஏறின இடத்திலேயே நின்றது. மூச்சுக்கணி முதன்முறையாக, "நாளை ஆபத்தில்லை" என்றது. ஞானப்பூ டாக்டரின் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அடுத்த வாரமே இன்னாசிமுத்து தன் காலால் நடந்து வீடு போய்ச் சேர்ந்தார். பார்க்க வருகிறவர்தான் தன் கதையைச் சொல்ல வேண்டும் என்று விதியே வந்தது. பெருந்தமனி மாற்றிய யாருக்கும் அதன்பின் அந்த மருத்துவமனையில் ஐந்து மணிக்கு மூச்சு விழவில்லை.

ஊரே திரண்டு பொற்கொடியின் வீட்டுக்கு வந்தது, ஆரஞ்சுப் பைகளோடு.

"எப்படி டாக்டரு கண்டுபுடிச்சிய?"

அவள் சொன்னாள். முடிக்கப்போகும் நேரத்தில் அடுத்த கூட்டம் வந்தது. ஆரம்பத்திலிருந்து சொன்னாள். அதற்குப் பின்னும் ஒரு கூட்டம். தண்ணீர் குடிக்கக்கூட நிறுத்தவில்லை. முகம் வெளுத்து, உதடு உலர்ந்து, ஆனாலும் அப்படியொரு ஆனந்தம். அப்போது அவள் மணிக்கட்டு கீச்சிட்டது.

"இன்னும் சற்று நேரத்தில் உயிர்வளி குறையும்" என்றது மூச்சுக்கணி.

பொற்கொடி அதன் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி மூடினாள்.

"அது கிடக்கட்டும், நீங்க கேளுங்க. ரெண்டாம் தொட்டியில வால்வைத் திருகிட்டு நிக்காராம் மனுஷன்..."