கிண்ணத்துக்குள் இருந்தது

காலை 9.10. ஆவண அறையின் இரும்பு அலமாரியில் பன்னிரண்டு குறிப்பேடுகள் இருக்க வேண்டும். பதினொன்றுதான் இருந்தன. காணாமல் போனதும் பதினொன்றாம் எண்தான்.

மாலை நான்கு மணிக்குப் பேராசிரியர் மேடையேற வேண்டும். பன்னிரண்டு குழந்தைகளை ஐந்து வயதிலிருந்து முப்பது வருடம் கவனித்து அவர் கண்டுபிடித்தது இதுதான்: மனிதனின் குணம் ஐந்து வயதில் முடிவாகிவிடுகிறது, அதற்குப் பிறகு வயது மட்டும்தான் கூடுகிறது. அதற்கு அவர் காட்டும் முதல் சாட்சி அந்தக் குறிப்பேடு.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா சார்?" இன்ஸ்பெக்டர் கேட்டார். நாற்பது வயதுப் பெண், சுருக்கமாகப் பேசுபவர்.

"சந்தேகம் எதுக்கும்மா? வாசல்ல நிக்கிறானே பியூன், அவன்தான். அந்தப் பதினொண்ணாம் குழந்தையே அவன்தான்."

இருவர் இருவராகச் சோதனை நடந்ததாம். நடுவில் ஒரு தட்டி. ஆளுக்கொரு கிண்ணம் கவிழ்த்து வைத்து, "திறக்காதே" என்று சொல்லிவிட்டு ஆயா வெளியே போய்விடுவார். பத்து நிமிடம் கழித்து வந்து, "திறந்தியா?" என்று கேட்பார். பதினொன்று திறந்தது, திறக்கவில்லை என்று பொய்யும் சொன்னது. பேராசிரியர் பள்ளிக்குக் கடிதம் எழுதினார், கவனமாக இருங்கள் என்று. பள்ளி மிகவும் கவனமாக இருந்தது. எந்த வகுப்பில் எது தொலைந்தாலும் முதலில் அவன் பைதான் சோதிக்கப்பட்டது. பத்தொன்பது வயதில் ஒரு சைக்கிள் காணாமல் போனபோது அதே கடிதம் நீதிமன்றம் வரை போய் ஆறு மாதம் வாங்கிக் கொடுத்தது. வெளியே வந்தவனுக்குப் பேராசிரியரே இங்கு வேலை போட்டுக் கொடுத்தார். கருணையினால் அல்ல; கண் முன்னால் இருந்தால் கவனிக்க வசதி. அலுவலகத்தில் எல்லோரும் அவனைப் 'பதினொண்ணு' என்றுதான் கூப்பிட்டார்கள்.

"பன்னிரண்டாம் குழந்தை?"

"என் மகன்." பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்ப நீதிபதி. சாயந்திரம் முதல் வரிசையில இருப்பான்."

இன்ஸ்பெக்டர் அலமாரியைப் பார்த்தார். குறிப்பேடுகளின் முதுகில் மெல்லிய தூசு. பன்னிரண்டாம் எண்ணின் முதுகில் மட்டும் தூசு இல்லை. அதை எடுத்துக் கையோடு வைத்துக்கொண்டார்.

9.40. பியூன் எதிரே வந்து நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. இடது கை சட்டையின் இரண்டாவது பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது.

"நான்தான் எடுத்தேன் மேடம்."

"எங்க வெச்சிருக்கே?"

"எரிச்சுட்டேன்."

"எங்க எரிச்சே?"

"பின்னாடி... குப்பைமேட்டுல."

"ராத்திரி பூரா மழை. குப்பைமேடு இன்னும் சொதசொதன்னு இருக்கு. எதுக்குப் பொய் சொல்றே?"

முப்பது வருடமாகப் பொய்யன் என்று பெயர் வாங்கியவனுக்குப் பொய் சொல்லவே வரவில்லை.

"எப்படியும் கடைசியில நான்தான்னு ஆகும் மேடம். முன்னாடியே ஒத்துக்கிட்டா அடியாவது மிச்சம். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என் பொண்ணுக்கு அஞ்சு வயசு. திங்கக்கிழமை அவளையும் இந்தச் சோதனையில உட்கார வைக்கணும்னு ஐயா சொல்லிட்டார். அது மட்டும் வேண்டாம்னு சொல்லுங்க. நான் ஜெயிலுக்குப் போறேன். அவ அந்த நாற்காலியில உட்காரக் கூடாது."

"உனக்கு அந்தச் சோதனை ஞாபகம் இருக்கா?"

"இல்லாமலா? கிண்ணத்துக்கு அடியில ஆரஞ்சு முட்டாய். எடுத்து வாயில போட்டுக்கிட்டேன். அஞ்சு வயசுலயே திருடித் தின்னவன் மேடம் நான்."

10.15. அலமாரிக்குச் சாவி மூன்று. பேராசிரியரிடம் ஒன்று, பியூனிடம் ஒன்று. மூன்றாவது, கண்ணாடி அக்காவிடம். ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து குழந்தைகளைப் பார்த்துக் குறிப்பெழுதியவர் என்பதால் அந்தப் பெயர். எழுதுபவர் குழந்தைகளை நேரில் சந்திக்கக் கூடாது, பெயர் தெரிந்துகொள்ளக் கூடாது என்பது விதி. தெரிந்தால் பாசம் வந்து எழுத்து கோணிவிடுமாம்.

"கடைசியா எப்பம்மா அலமாரியைத் திறந்தீங்க?"

"போன மாசம். ஐயாவோட உரையை டைப் அடிக்க எல்லாத்தையும் எடுத்தேன்." நரைத்த கூந்தலைக் காதுக்குப் பின்னால் தள்ளினார். "அவனைக் கைது பண்ணிடாதீங்கம்மா. பத்து நிமிஷம் அசையாம உட்கார்ந்திருந்த புள்ள அது."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். சோதனை அறைக்குப் போய் குழந்தை நாற்காலிகளுக்குப் பின்னால் சற்று நேரம் நின்றார். பிறகு கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றார். பிறகு பன்னிரண்டாம் குறிப்பேட்டைப் படித்தார்.

12.00. மூவரையும் அழைத்தார்.

"பன்னிரண்டுல என்ன எழுதியிருக்குன்னு படிக்கறேன். 'கிண்ணத்தைத் தொடவில்லை. இடது கையால் சட்டையின் இரண்டாவது பொத்தானைத் திருகியபடி காத்திருந்தது. இரு கிண்ணங்களினடியிலும் வைத்திருந்த தகரக் குருவியைப் பார்க்கவேயில்லை.'"

எல்லோர் பார்வையும் பியூனின் கைக்குப் போனது. அவன் சட்டென்று கையை இறக்கினான்.

"உள்ள வெச்சது குருவி. இவர் சொல்றது முட்டாய். திறந்திருந்தா தெரிஞ்சிருக்கும். இவர் திறக்கவே இல்ல. கண்ணாடி அக்கா, 'அசையாம உட்கார்ந்திருந்த புள்ள'ன்னு சொன்னீங்க. குறிப்பேட்டுப்படி அது பன்னிரண்டு. பதினொண்ணு அதுன்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

கண்ணாடி அக்கா கைப்பையைத் திறந்து பதினொன்றாம் குறிப்பேட்டை மேசைமேல் வைத்தார்.

"அப்ப நான் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வாரம். எங்க ஆயா எப்பவும் கண்ணாடிப் பக்கம் நின்னு இடதுலேர்ந்து எண்ணித்தான் உட்கார வைப்பா. கடைசி ஜோடி அன்னைக்கு அவ லீவு. புது ஆயா நாற்காலிக்குப் பின்னாடி நின்னு தன் இடது பக்கத்துலேர்ந்து எண்ணியிருக்கா. அவளோட இடது எனக்கு வலது. நான் வழக்கம்போல என் இடது பக்கப் புள்ளையைப் பதினொண்ணுன்னு எழுதிட்டேன். போன மாசம் டைப் அடிச்சப்ப படிச்சது மனசுல இருந்துச்சு. போன வாரம் சம்பளத்துக்காக இவன் வரிசையில நின்னப்ப அந்தப் பொத்தானைத் திருகுறதைப் பார்த்தேன். ராத்திரி தூக்கம் வரல. மறுநாள் பன்னிரண்டை எடுத்துப் பார்த்தேன். மேடையில ஐயா இந்தப் பதினொண்ணைப் படிக்கக் கூடாதுன்னு ஒளிச்சு வெச்சேன்."

"இவரைப் பிடிச்சப்ப ஏன் சொல்லல?"

"பயம்." அழுதார். "ரெண்டாவது தடவையும் இவனை நானே மாட்டிவிட்டேன்."

பேராசிரியர் குறிப்பேட்டைத் தள்ளி வைத்தார். "ஒரே ஒரு ஜோடி. பதிவுல ஒரு தப்பு. முடிவு மாறாது."

"மாறும் சார். பொய் சொன்ன பையன் நீதிபதியாயிட்டார். அவரை யாரும் சந்தேகமா பார்க்கல, அதனால நல்லாவே வளர்ந்தார். சொன்ன பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருந்தவர் ஜெயிலுக்குப் போனார். அஞ்சு வயசுல முடிவானது இவங்க குணம் இல்ல. நீங்க இவங்களைப் பார்த்த பார்வை."

பேராசிரியர் உரைத்தாள்களை எடுத்தார். அடுக்கினார். மறுபடி அடுக்கினார். நான்கு மணிக்கு மேடையேறுவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

"திங்கக்கிழமை உங்க பொண்ணு வர வேண்டாம்," என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்களும் வீட்டுக்குப் போகலாம்."

பியூன் நகரவில்லை. இன்ஸ்பெக்டர் அவன் முகத்தில் சந்தோஷத்தைத் தேடிப் பார்த்தார்; அது அங்கு இல்லை.

"நிஜமாவே நான் திறக்கலையா மேடம்?"

"திறக்கல."

"அந்த முட்டாய் புளிக்கும் மேடம். ஒரு ஓரம் கூரா இருக்கும், நாக்கைக் கிழிச்சிடும். அதைத் தின்னதை நினைச்சு எத்தனையோ நாள் அழுதிருக்கேன்." இடது கை மறுபடி பொத்தானுக்குப் போயிருந்தது. "இல்லாத முட்டாயோட ருசி எப்படி மேடம் எனக்குத் தெரியும்?"