பெயர்ப் பட்டியலில் இல்லாத நடை

காலை பத்தரை மணிக் காட்சி. அடுத்த வாரம் வெளியாகவிருந்த பேய்ப் படம் ஒன்றைப் பத்திரிகைக்காரர்களுக்கு முன்கூட்டியே காட்டினார்கள். ஸ்டுடியோவின் பின்புறம் நாற்பது இருக்கைகள் கொண்ட பழைய அரங்கு. நுழைந்ததும் ஈரக் கம்பளத்தின் வாடை அடித்தது.

விமர்சனம் எழுதுவதில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. படம் எவ்வளவு மோசமாக இருந்தாலும், அதில் உழைத்த ஒருவரையாவது பெயர் சொல்லிப் பாராட்டாமல் முடிக்க மாட்டேன். யாரோ ஒருவர் வீட்டில் அந்த வரியைக் கத்தரித்துப் பத்திரப்படுத்துவார்கள். அந்தச் சின்னச் சந்தோஷத்தைக் கடவுள் என் கையில் கொடுத்திருக்கும்போது நான் ஏன் கஞ்சத்தனம் செய்ய வேண்டும்?

அன்று அந்த ஒருவரைத் தேடியே அலுத்துப்போனேன். பேய் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முகத்தில் மாவு பூசிக்கொண்டு வந்து நின்றது. அது வரும் முன்பே வயலின் வந்து தகவல் சொல்லிவிட்டது. பேய் பேயான கதையை முக்கால் மணி நேரம் சொன்னார்கள். கேட்டு முடித்தபோது பேயின் மீது பரிதாபம் வரவில்லை. என் மீதே வந்தது.

பிறகு, இரண்டாம் பாதியில், அந்த நடை கேட்டது.

திரையில் காலியான கூடம் மட்டும். இசை இல்லை. மாடியிலிருந்து யாரோ வெறுங்காலோடு இறங்கினார்கள். வலது பாதம் தரையில் நூலளவு தேய்ந்தது. ஒவ்வொரு கதவின் முன்பும் நின்று, யோசித்து, மறுபடி நடந்தது. மரப்படி முடிந்து கல்தரை வந்ததும் அந்த ஓசை குளிர்ந்தது.

என் கை மயிர் சிலிர்த்தது.

படம் முடிந்து பெயர்ப் பட்டியல் ஓடியது. காலடி ஓசைக்கென்று எவர் பெயரும் இல்லை.

வெளியே இயக்குநர் காத்திருந்தார். "எப்படி சார் படம்?"

"கதையைக் கொஞ்சம் இறுக்கியிருக்கலாம் தம்பி. ஆனா அந்தக் காலடிச் சத்தம் இருக்கே, அசத்திட்டீங்க. நடந்தது யாரு?"

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "அதுவா? கம்ப்யூட்டர்ல கிடைக்கிறதுதான் சார். எடுத்துப் போட்டுக்கிட்டோம்."

பொய். கம்ப்யூட்டரில் கிடைக்கும் காலடி கதவின் முன் நின்று யோசிக்காது. பக்கத்தில் நின்ற ஒலிப்பதிவாளரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். யாருடைய உழைப்பையோ இருவரும் சேர்ந்து விழுங்கிவிட்டார்கள் என்று எனக்குப் பட்டது.

ஒலிப்பதிவாளரின் பின்னாலேயே அவர் அறைக்குப் போனேன். தரையில் பலகை, ஓடு, மணல் தட்டு என்று வரிசையாக இருந்தன. அலமாரி நிறையச் செருப்பும் பூட்சும். திரையில் நடப்பவர்களின் காலடி ஓசைக்காக இங்கே ஒருவர் படத்தைப் பார்த்தபடியே நடப்பார். அதைப் பதிவு செய்வார்கள்.

"யார் பேரை மறைக்கிறீங்க?"

அவர் கதவைச் சாத்தினார். "பாதம் அண்ணன் சார். அப்படித்தான் கூப்பிடுவோம். கதாநாயகன், வில்லன், குதிரைன்னு எல்லாருக்கும் இருபத்தஞ்சு வருஷமா நடந்தவர். முதல் பாதி முடிச்சுக் கொடுத்தார். மறுநாள் மாரடைப்புல போயிட்டார்."

"அதுக்காகப் பேரை எடுத்துடுவீங்களா?"

"பாதி வேலைக்கு முழுப் பேரான்னு டைரக்டர் எடுக்கச் சொல்லிட்டார். அண்ணனோட பொண்ணு வந்து கேட்டுச்சு. வேற எதுவும் வேணாம், அப்பா பேரு திரையில வந்தாப் போதும்னு. நானும் வாயைத் திறக்கல."

"அப்ப ரெண்டாம் பாதியில நடந்தது?"

அவர் அந்தக் காட்சியை ஓடவிட்டார். ஒலி அலைகள் தெரிய வேண்டிய இடத்தில் ஒரு நேர்கோடு. கூடம் ஓசையே இல்லாமல் ஓடியது.

"வேற ஆள் கிடைக்கல. வெறுமனே விட்டுட்டேன்."

"நான் கேட்டேனே!"

"நாங்களும்தான் சார் கேட்டோம்" என்று கிசுகிசுத்தார்.

எங்களுக்குப் பின்னால் பலகை முனகியது.

பிறகு ஓடு.

பிறகு மணல்.

வலது பாதம் தேய்ந்தது. என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது.

யோசித்தது.

திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. மனத்துக்குள் பிரார்த்தித்தபடி குறிப்பேட்டைத் திறந்தேன். "அவர் முழுப் பேரைச் சொல்லுங்க."

சொன்னார். நிறுத்தி நிதானமாக எழுதினேன். என் கழுத்தில் ஒரு மூச்சு பட்டது. பிறகு அந்த நடை கதவு வரை போய் ஓய்ந்தது.

விமர்சனத்தில் படத்தின் குறைகளையெல்லாம் சொன்னேன். நிறை என்று அந்த ஒரு பெயரை மட்டும் எழுதினேன். அது வெளியான அன்று மதியமே இயக்குநர் தொலைபேசியில் அழைத்தார்.

"பட்டியல்லயே இல்லாத பேரை எப்படி சார் எழுதலாம்? உடனே மறுப்பு போடுங்க."

"மறுப்பு இருக்கட்டும். ஏன் தம்பி இவ்வளவு மெதுவா பேசறீங்க?"



"மாடிப்படியில யாரோ இறங்கி வர்றாங்க சார். வீட்ல நான் மட்டும்தான் இருக்கேன்."

"பட்டியல்ல அவர் பேரைச் சேருங்க. ஒரு வரிதானே தம்பி? அந்தப் பொண்ணுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க."

"சேர்த்துடறேன் சார். இப்பவே சேர்த்துடறேன்."

படம் வெளியான நாள், மதியக் காட்சிக்குப் பாதம் அண்ணனின் மகளும் வந்திருந்தாள். மருத்துவமனையில் வேலை முடித்து, செவிலியர் உடுப்போடே வந்திருந்தாள். எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். அவளுக்கு அடுத்த இருக்கை கடைசிவரை காலி.

பட்டியல் ஓடத் தொடங்கியதுமே கூட்டம் எழுந்து போய்விட்டது. கடைசி வரியாக அவள் அப்பாவின் பெயர் வந்தது. விரலை நீட்டிக் காட்டினாள்.

விளக்குகள் எரிந்தன. நாங்கள் எழுந்ததும் எங்கள் இருக்கைகள் பட்டென்று மேலே மடிந்தன. அவளுக்கு அடுத்த இருக்கை மட்டும் மடியவில்லை. பெருக்க வந்த ஊழியர் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை.

"ஸ்பிரிங் போயிருக்கும்" என்று நகர்ந்தார்.

வாசலை நெருங்கும்போது திரும்பிப் பார்த்தேன். அடுத்த காட்சிக்கு வந்த ஒருவர் அந்த இருக்கையில் உட்காரப் போனார். பாதி குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"மன்னிச்சுக்குங்க, ஆள் இருக்கறதைக் கவனிக்கல" என்று இருக்கையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த வரிசைக்குப் போனார்.