வானத்தைவிடக் கருப்பு

படத்தில் ஓர் இடம் வானத்தைவிடக் கருப்பாக இருந்தது.

முதலில் அவள் கணினித் திரையைத்தான் சந்தேகப்பட்டாள். துணியால் துடைத்தாள். வெளிச்சத்தைக் கூட்டினாள், குறைத்தாள். கருப்பு அப்படியே இருந்தது. நிலவில்லாத இரவுகளாகப் பார்த்துப் பார்த்து, கை நீளம்கூட இல்லாத தொலைநோக்கியையும், திரும்பும்போதெல்லாம் முனகுகிற பழைய தாங்கியையும் மொட்டை மாடிக்குச் சுமந்து, ஐந்தைந்து நிமிடத் துண்டுகளாக எடுத்துச் சேர்த்த படம் அது. பெரிய விண்மீன் மண்டலம் ஒன்று, பக்கத்தில் சின்னது ஒன்று. நெருங்கி வந்ததில் ஒன்றின் நட்சத்திரங்களை மற்றது உருவி இழுக்க, இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய ஒளிப்பாலம். கண்ணாடியில் ஊதிய மூச்சைப் போன்ற அந்தப் பாலத்துக்காகத்தான் இத்தனை பாடும். பாலம் படத்தில் பதிவாகியிருந்தது. அதன் மேல், யாரோ விரல் வைத்து அழித்ததுபோல, நீளமாக ஒரு கருப்பு.

லென்ஸுக்குப் போன் செய்தாள். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கிழவர். தொலைநோக்கியை அவளிடம் விற்றவர். அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் அவர் லென்ஸ்தான்.

"வானத்தைவிடக் கருப்பா வானத்துல எதுவும் இருக்காதும்மா," என்றார். "நீ எதையோ கூடுதலாக் கழிச்சிருக்கே. இருட்டுப் படத்தைத் தொறந்து பாரு. அது சரி, நம்ம புருஷன் பொண்டாட்டி எப்படி இருக்காங்க?"

"யாரு?"

"அந்த ஜோடிதான். ஒருத்தரை ஒருத்தர் பிச்சுப் பிடுங்கிக்குவாங்க, ஆனா விட்டுட்டும் போகமாட்டாங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

இருட்டுப் படம் என்பது கேமராவின் மூடியைப் போட்டுவிட்டு எடுப்பது. பொட்டு வெளிச்சம்கூடப் போகாதபோதும் கேமரா எதையோ பதிவு செய்யும். அது அதன் சொந்தச் சூடு, சொந்த இரைச்சல். வானத்தின் படத்திலிருந்து அதைக் கழித்துவிட்டால் உண்மை மட்டும் மிஞ்சும். ஒருமுறை எடுத்து வைத்தால் ஒரு மாதம் ஓட்டலாம் என்பதால், யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. கருப்பில் பார்க்க என்ன இருக்கிறது?

அவள் அதை எடுப்பது கணவனின் அறையில். அங்கேதான் ஏசி இருந்தது; இரவின் குளிரிலேயே எடுத்தால்தான் இரைச்சல் ஒத்துப்போகும். அங்கேதான் அந்தக் கனத்த மர அலமாரியும் இருந்தது. மேல் தட்டில், கம்பளிகளுக்குப் பின்னால், அந்துருண்டை வாசனைக்கு நடுவே கேமராவை வைத்துக் கதவைச் சாத்தினால், உச்சி வெயிலிலும் நள்ளிரவு. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அவளுடைய வேலை மதியத்தோடு முடிந்துவிடும். அவன் அலுவலகத்திலிருந்து திரும்புவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவாள். அறைக்குள் அவள் வந்து போவது அவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர்கள் பேசிக்கொள்வதில்லை.

பேச்சு முறிந்தது அவன் அலுவலகத்து விருந்தில். பக்கத்தில் இருந்தவர் அவளுடைய தொலைநோக்கியைப் பற்றி மரியாதையாகத்தான் கேட்டார். அவன் முந்திக்கொண்டான். "வீட்டுல பார்க்க என்ன சார் இருக்கு, புள்ளையா குட்டியா? அதான் வானத்தைப் பார்க்கிறா." மேசை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்ததுபோல் வாயை வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் தன் தலையணையைச் சின்ன அறைக்கு எடுத்துப் போனாள். அதன்பின் அவனை "ஏங்க" என்று கூப்பிடவில்லை. அவன் ஃபிரிட்ஜிடம் பேசினான். அவள் சுவர்க் கடிகாரத்திடம் பேசினாள்.

இருட்டுப் படத்தைத் திறந்தாள். ஒரே கருப்பு. மென்பொருளில் வெளிச்சத்தை இழுத்து இழுத்து உயர்த்தியபோது, கருப்புக்குள்ளிருந்து, ஈரச் சுவரில் பூஞ்சை எழுவதுபோல, ஏதோ வெளிறி மேலே வந்தது. சாம்பல் நிறத்தில் ஐந்து கீற்றுகள். ஒவ்வொரு கீற்றும் துண்டு துண்டாக.

எத்தனையோ வருடங்களாகத் தினமும் ஆஸ்பத்திரியில் அவள் பார்ப்பது இதைத்தான். தெரியாமல் இருக்க முடியுமா? அது ஒரு கை. கையின் எக்ஸ்ரே.

பழக்கதோஷத்தில் எலும்புகளை எண்ணினாள். விரலுக்கு மூன்று இருக்க வேண்டும், கட்டைவிரலில் மட்டும் இரண்டு. நான்கு இருந்தன. எல்லா விரலிலும் நான்கு.

இன்னொன்றும் உறுத்தியது. கேமராவுக்குள் படம் விழும் சிப் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. முழுக் கை அதில் விழவேண்டுமானால் ஒன்று அந்தக் கை பொம்மைக் கையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வெகு தூரத்திலிருந்து நீண்டிருக்க வேண்டும். அலமாரிக்குள் அவ்வளவு தூரம் கிடையாது.

பழைய இருட்டுப் படங்களைத் தேடி எடுத்தாள். போன மாதத்தது: அதே கை, இன்னும் சின்னதாக. அதற்கு முந்தையது: அரிசி மணி அளவு. அவள் தலையணையை எடுத்துக்கொண்டு வெளியேறிய வாரத்தில் எடுத்தது: ஒரு புள்ளி. தூசி என்று துடைத்துவிடக் கூடிய புள்ளி.

பல படங்களைச் சேர்க்கும்போது, நடுவில் வந்து போவதையெல்லாம் மென்பொருள் தூக்கி எறிந்துவிடும். விமானம், செயற்கைக்கோள், பூச்சி, எதுவும் தங்காது. எல்லாப் படத்திலும் அசையாமல் இருந்தது மட்டுமே மிஞ்சும். இருட்டுப் படமும் அப்படிப் பலவற்றைச் சேர்த்ததுதான்; அப்படியென்றால் ஒரு மதியம் முழுக்க அந்தக் கை நீட்டியபடியே இருந்திருக்கிறது. கொஞ்சமும் நடுங்காமல்.

அன்றிரவே கேமராவை மாடிக்குக் கொண்டுபோய், மூடியைப் போட்டு, அங்கேயே இருட்டுப் படம் எடுத்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. கோளாறு கேமராவில் இல்லை.

காலையில் அவன் குளித்துவிட்டு வந்து ஃபிரிட்ஜின் முன் நின்றான். கண்ணுக்குக் கீழே கருவளையம். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது; எப்போது இப்படி இளைத்தான் என்று அவள் கவனித்திருக்கவில்லை.

"சில பேருக்கு அலமாரியைத் தொறக்கத் தெரியும், மூடத் தெரியாது," என்றான் ஃபிரிட்ஜிடம். "தினம் விடிஞ்சு பார்த்தா ஆன்னு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. திருட வர்றவன்கூட மூடிட்டுப் போவான்."

"இங்க திருட என்ன இருக்காம்?" என்றாள் அவள் கடிகாரத்திடம். "காலர் நைஞ்ச சட்டையா?"

"ராத்திரி வந்து கட்டில்கிட்ட நிக்கறதையும் நிறுத்தச் சொல்லு. பேசவும் மாட்டா, போகவும் மாட்டா. மனுஷன் தூங்க வேண்டாமா?"

அவள் ஒருநாளும் இரவில் அந்த அறைக்குப் போனதில்லை. என் மேல் புதுசாக ஒரு பழி என்று முதலில் கோபம்தான் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் அந்தக் கோபத்தோடேயே நடந்தாள். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: அப்படியென்றால் கட்டிலருகே நிற்பது யார்?

சொல்ல வேண்டும். ஆனால் எப்படி? கடிகாரத்திடம் சொல்லக் கூடியதா இது?

இன்னும் ஒரே ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அவள் நினைத்ததுதான் தவறு. ஆதாரம் இல்லாமல் வாயைத் திறந்தால் அவன் சிரிப்பான். அடுத்த விருந்தில் அதையும் சொல்லிச் சிரிப்பான். மதியம் வந்ததும் கேமராவின் மூடிக்கு மேல் அலுமினியத் தாளைச் சுற்றினாள், அதற்கு மேல் கருப்புத் துணியைச் சுற்றினாள். அலமாரியைத் திறந்தபோது, இதுவரை இல்லாத ஒரு குளிர், அந்துருண்டையையும் மீறி ஈர இரும்பின் வாசனையோடு அவள் முழங்கை வரை ஏறியது. கேமராவை வைத்துவிட்டு, அதன் கேபிளைக் கதவிடுக்கு வழியாக விட்டு, ஹாலில் கணினியோடு உட்கார்ந்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக, ஒவ்வொரு படமும் எடுத்து முடிந்ததும் தானாக அவள் திரைக்கு வந்துவிடும்.

முதல் படம் வருவதற்குள் வாசல் கதவு திறந்தது. அவன். முகமெல்லாம் வீங்கி, கண் சிவந்து. காய்ச்சல்போல. யாரையும் பார்க்காமல் நேரே அறையை நோக்கி நடந்தான்.

"இன்னிக்கு ஹால்லயே படுத்தா நல்லது," என்றாள் அவள். பழக்கம், கடிகாரத்தைப் பார்த்து.

அவன் நின்றான். "ஓஹோ. இப்ப ரூமும் வேணுமாக்கும்?"

"அதுக்கில்ல..."

"எடுத்துக்கச் சொல்லு. நான் செத்த பிறகு எடுத்துக்கச் சொல்லு."

திரும்பி அவன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏங்க, அந்த ரூம் வேண்டாம். நாக்கு வரைக்கும் வந்தது. மேசை முழுக்கச் சிரித்த சிரிப்பும் கூடவே வந்தது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

கணினி டிங் என்றது.

படத்தின் வெளிச்சத்தை உயர்த்தினாள். கை இப்போது படத்தின் சட்டம் முழுவதையும் அடைத்திருந்தது. விரல் நுனிகள் ஓரத்தைத் தாண்டி வெளியே போயிருந்தன.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. ஏசி ஓடத் தொடங்கியது. அவன் இருமினான். போர்வையை உதறும் சத்தம். ஜன்னலுக்கு வெளியே மேகம் கவிந்து வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ கடையின் ஷட்டரை இழுத்தார்கள். எழுந்து விளக்கைப் போட அவளுக்குத் தோன்றவில்லை.

டிங்.

ஒரே ஒரு எலும்பு. படம் முழுக்க அது மட்டும். அவ்வளவு பக்கத்தில்.

அறையில் இருமல் நின்றிருந்தது.

டிங்.

சுத்தமான இருட்டு. எதுவுமே இல்லை. ஒரு கணம் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. போய்விட்டது. பிறகுதான் புரிந்தது. போகவில்லை. அலமாரியில் இல்லை. அவ்வளவுதான்.

மரக்கதவு ஒன்று மெதுவாக முனகும் சத்தம். உள்ளே.

அறை வாசலுக்குப் போனாள். கையை ஓங்கினாள், தட்டுவதற்கு. கை அந்தரத்தில் நின்றது. அவன்தான். கம்பளி எடுக்க அலமாரியைத் திறந்திருப்பான். கேமராவைப் பார்த்திருப்பான். இப்போது கூப்பிட்டால் தோற்றுப்போவாள். அப்படியே நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று பிறகு அவளால் சொல்ல முடிந்திருக்காது. கதவின் அடியிலிருந்து குளிர் அவள் கால்விரல்களில் வழிந்தது. ஈர இரும்பு வாசனை.

"ஏங்க," என்றாள்.

உள்ளங்கையால் கதவைத் தட்டினாள்.

"ஏங்க!"

"சொல்லு."

அவன் குரல். ஃபிரிட்ஜிடம் இல்லை. அவளிடம். எத்தனை நாளுக்குப் பிறகு! கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

"வெளிய வாங்க. இப்பவே. அப்புறம் சொல்றேன்."

"நீ வா."

இதமாகச் சொன்னான். கல்யாணமான புதிதில் பேசியதுபோல. காய்ச்சல் இல்லாத குரல். கரகரப்பு இல்லாத குரல்.

அவளுக்குப் பின்னால் டிங்.

திரும்பிப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தாள். இரண்டே எட்டு. விசையை அழுத்தி வெளிச்சத்தை உயர்த்தினாள்.

ஒரு கை. சின்னது. விரலுக்கு மூன்று எலும்பு. சுண்டுவிரலின் நடு எலும்பு கோணலாகக் கூடியிருந்தது.

அந்த விரலை அவளுக்குத் தெரியும். அது உடைந்த அன்று படம் எடுத்தவளே அவள்தான். அன்று அவன் வெறும் நோயாளி; பயந்து நடுங்கிக்கொண்டு வந்திருந்தான். அசையாதீங்க, ஆடினா படம் கலங்கிடும் என்றாள். நீங்க சொன்னா அசையவே மாட்டேங்க என்றான். அப்படித்தான் எல்லாம் தொடங்கியது.

"வா," என்றது அவன் குரல். அதே இதம். அதே நீளம், ஒலிப்பதிவைத் திரும்பப் போட்டதுபோல.

டிங்.

அதே கை. இன்னும் சின்னதாக. இன்னும் தூரத்தில். அதன் மணிக்கட்டிலிருந்து ஒரு மெல்லிய கீற்று, மூச்சுப் படிந்ததுபோல, சட்டத்தின் ஓரம் வரை நீண்டு, அலமாரிக்கு வெளியே போயிற்று. இந்தப் பக்கம். அறைக்குள்.

கை கொஞ்சமும் கலங்கவில்லை. ஐந்து நிமிடமும் அசையவே இல்லை.

அறைக் கதவின் கைப்பிடி கீழே இறங்கியது. கதவு ஒரு விரல் அளவு திறந்தது. உள்ளே விளக்கு எரியவில்லை. ஹாலின் மங்கலில், கதவின் விளிம்பைச் சுற்றி, ஒவ்வொன்றாக விரல்கள் வந்து மடங்கின. முதல் மூட்டில் மடங்கின. இரண்டாவது மூட்டில். பிறகு, நான்காவது எலும்புக்கான மூன்றாவது மூட்டில்.