யாருக்கும் இல்லாத பெயர்

காலையில்தான் வேலைக்குச் சேர்ந்த ஸிந்துஜாவைக் கணினி உள்ளே விடவில்லை. உன் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபோல்டர் இருக்கிறது என்றது.

"நான் இன்னும் எதுவுமே பண்ணல மேடம். முதல் வாட்டி பாஸ்வேர்டு போட்டேன், அவ்ளோதான்," என்றாள் அவள், தன் மேல் தப்பில்லை என்று காட்டுவதைப் போல இரண்டு கைகளையும் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டு.

சங்கரி அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். காந்தி ரோட்டில் கீழே புடவைக் கடையும் மாடியில் அலுவலகமுமாக இருந்த அந்தப் பட்டு நிறுவனத்தில், கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பழைய டிசைன் தாள்கள், கடிதங்கள், ஒப்பந்தங்கள் என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே மென்பொருளுக்குள் சேர்த்திருந்தார்கள். ஊழியர்கள் அவரவர் பெயரில் உள்ளே நுழைந்து வேண்டியதைப் பார்த்துக்கொள்ளலாம். பழைய ஆட்களுக்கு அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது. இந்த வாரம் சேர்ந்த புது ஆட்களைத்தான், முதல் தடவை நுழையும்போதே, ஒருவர் விடாமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

சங்கரி விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியதும் இந்த வாரம்தான்.

"நீ கீழ போய்ச் சாப்ட்டு வாம்மா. நான் பாக்கறேன்."

ஸிந்துஜா போனாள். மற்றவர்கள் முன்பே இறங்கிவிட்டிருந்தார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு, மதியத்திலேயே விளக்குப் போடும் அளவுக்கு இருட்டியிருந்தது. ஈரச் சுவரின் வாடையும், படிக்கட்டு வழியாக ஏறி வரும் புதுப் பட்டின் வாடையும், யாரோ பாதி தின்று மூடிவைத்த புளிசாதத்தின் வாடையும் ஒன்றாகக் கலந்து கூடத்தில் அசையாமல் நின்றன. பின்கட்டில் மாதிரிப் புடவை நெய்யும் ஒற்றைத் தறி மட்டும் மழைக்கு நடுவில் விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் சங்கரிக்குத் தெரிந்தது, எதுவும் அவளைத் தொடவில்லை. மூன்று மாதமாகவே அப்படித்தான். ஆறாம் மாதத்தில் வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிறந்தது அழவில்லை. பெண் என்றார்கள். பார்க்கிறாயா என்று நர்ஸ் கேட்டபோது அவள் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கணவன் தேவேந்திரன் துணியில் சுற்றியதை வாங்கிக்கொண்டு போய், தலை முழுகிவிட்டுத் திரும்பி வந்தான்.

"பேரு கூட வெக்கல. அதுக்குப் போய் இப்டியே உக்காந்துக்கினு இருந்தா எப்டிம்மா?" என்றாள் மாமியார், ஒரு வாரம் கழித்து. கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. சங்கரிக்கு அழுகை வரவில்லை. சோறு தின்றாள், தூங்கினாள், பஸ் ஏறினாள். யாராவது பேசினால் பதில் சொன்னாள்.

மென்பொருளை விற்ற சென்னை கம்பெனிக்குப் போன் செய்தாள். அங்கே இந்த மாதிரிக் கோளாறுகளைக் கவனிப்பவர் யேசுதாஸ். அவள் சொல்லி முடிக்கும் முன்பே அவர் ஆரம்பித்தார்.

"புது யூசர் முதல் தடவ உள்ள வரும்போது, அவங்க பேர்ல சாஃப்ட்வேரே ஒரு ஃபோல்டர் போடும் மேடம். அந்தப் பேர்ல முன்னாடியே ஒண்ணு இருந்துச்சுன்னா உள்ள விடாது. பழச அழிச்சுடுங்க, சரியாப்பூடும்."

"அழிச்சேன் சார். திரும்ப வருது. இந்தப் பொண்ணு இன்னிக்குத்தான் சேர்ந்துச்சு. ஃபோல்டர் நேத்துத் தேதியிலயே இருக்குது."

"உள்ள என்ன இருக்குது?"

"ஒண்ணும் இல்ல. எல்லாமே காலி."

"யார் போட்டதுன்னு பக்கத்துலயே காட்டும் பாருங்க."

பார்த்தாள். அந்த இடத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. சொன்னாள்.

"அப்டி வராது மேடம். பேரு இல்லாம யாரும் உள்ள வர முடியாது," என்றார் யேசுதாஸ். பிறகு, "ஒண்ணு பண்ணுங்க. டெஸ்டுக்குப் புதுசா ஒரு யூசர் போட்டுப் பாருங்க. யாருக்கும் இல்லாத பேரா வெய்ங்க. வெச்சுட்டுச் சொல்லுங்க."

சங்கரி போனை வைத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள். யோசிக்கவில்லை. விரல்கள் தாமாக அடித்தன. மானஸா. நாலாம் மாதத்தில், வாலாஜாபாத் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம், மனதுக்குள் வைத்த பெயர். தேவேந்திரனிடம்கூடச் சொன்னதில்லை. ஒருதரமும் வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை. திரையில் பார்க்க, யாரோ ஒரு ஊழியரின் பெயரைப் போல இருந்தது.

உள்ளே நுழையும் பொத்தானை அழுத்தினாள்.

கரண்ட் போயிற்று. மின்விசிறி இரண்டு சுற்று தள்ளாடி நின்றது. யுபிஎஸ் கீச்சிட்டு அவளுடைய கணினியை மட்டும் தாங்கிக்கொண்டது. கூடம் முழுக்க இருட்டி, அவள் முகத்தின் மேல் மட்டும் திரை வெளிச்சம் விழுந்திருந்தது.

மானஸா என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபோல்டர் இருந்தது. அதன் தேதியை அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரித் தேதி.

இது காலியாக இல்லை.

முதல் படம் முழுக்கக் கறுப்பு. நடுவில் மட்டும் வெளிறிய ஏதோ ஒன்று. பெரிதாக்கினாள். ஓர் உள்ளங்கை. ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கும் உள்ளங்கை, கண்ணாடியின் மேல் அழுத்தி, ரேகை நசுங்கி. அடுத்த படத்தில் அதே கை, கொஞ்சம் பெரிது. அதற்கு அடுத்ததில் இன்னும் பெரிது. கடைசிப் படத்தின் மேல் அவள் தன் கையை வைத்துப் பார்த்தாள். விரலுக்கு விரல் சரியாக இருந்தது.

படம் தெளிவாக விழுந்திருக்கிறது என்று மட்டும் தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை.

ஸிந்துஜாவின் ஃபோல்டரைத் தேடினாள். அது இல்லை. மற்றப் புது ஆட்களின் பெயர்களில் இருந்தவையும் இல்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்த யாரோ, தன் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டதைப் போல.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பக்கத்து அறையில். ஸ்கேனர் ஓடுகிற சத்தம்.

ஸ்கேன் வேலை முடிந்து அந்த அறையைப் பூட்டி ஒரு மாதம் ஆகிறது. சாவி அவள் மேஜை டிராயரில். கரண்ட் இல்லை. மூடிய கதவின் அடியில் ஒரு பச்சை வெளிச்சம் இடமிருந்து வலமாக மெதுவாக நகர்ந்தது. நின்றது. திரும்ப இடமிருந்து புறப்பட்டது.

தறிச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

திரையில் புதுப் பக்கம் ஒன்று வந்து விழுந்தது.

முகம். ஒரு பக்கமாகக் கண்ணாடியில் கன்னம் நசுங்கிய முகம். கண்கள் மூடியிருந்தன. இமை முடி இல்லை. தேவேந்திரனின் புருவ எலும்பு. அவளுடைய உதடு.

அடுத்த பக்கம்.

அதே முகம். கண்கள் திறந்திருந்தன. நேராகப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் பார்த்தன. சுவரை. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த அவளை.

படிக்கட்டு பத்தடியில் இருந்தது. சங்கரி எழுந்திருக்கவில்லை. பழையதை அழித்துவிடுங்கள், சரியாகிவிடும். யேசுதாஸ் சொன்னதுதான். ஃபோல்டரின் மேல் மவுஸைக் கொண்டுபோனாள். இதை அழிக்கவா என்று கேட்டது. ஆம். இல்லை.

விரல் 'ஆம்' மேல் நின்றது.

நின்றது.

"வேணாம்," என்றாள். அவள் குரலா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "மானஸா. வேணாம்டி, கண்ணு."

இல்லை என்பதை அழுத்தினாள்.

இன்னொரு பக்கம் வந்தது. அதில் கண்ணாடி மட்டும். கன்னம் இருந்த இடத்தில் ஈரம். யாரும் இல்லை.

கதவடியில் வெளிச்சம் அணைந்தது.

பூட்டு கழலும் சத்தம் வரவில்லை. கதவு திறக்கும் சத்தம் வந்தது.

ஈரக் காலடி. ஒன்று. பிறகு இழுபடும் சத்தம். நடந்து பழகாத கால். பிறகு இன்னொன்று.

மார்பில் சுருக்கென்றது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து நிறுத்திய பால், ரவிக்கையை நனைத்துக்கொண்டு வயிற்றில் சூடாக இறங்கியது.

திரை கேட்டது. முதல் நுழைவு. புதிய பாஸ்வேர்டைத் தரவும்.

அவள் திரும்பவில்லை.

முதுகுக்குப் பின்னால் மூச்சு இல்லை. குளிர் மட்டும். அவள் தோளுக்கு மேலாக ஒரு கை மெதுவாக நீண்டு வந்து, கீபோர்டின் மேல் இறங்கியது. வளர்ந்த பெண்ணின் கை. ஈரம். நீல நரம்புகள் தெரியும் மெல்லிய தோல்.

ஐந்து விரல்களிலும் நகம் இன்னும் முளைத்திருக்கவில்லை.