நகராத முள்

செல்போன் அலறியபோது இளவரசன் ஒரு வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தான்.

"இளவரசனா? இன்ஸ்பெக்டர் மணிமொழி பேசறேன். உடனே ஸ்டேஷனுக்கு வா."

"எதுக்கு மேடம்?"

"ஒரு கொலை. நீ ஒரு கையெழுத்து போடணும்."

ஸ்பேனர் நழுவி அவன் நெற்றியில் விழுந்தது.

வேங்கிக்காலில் 'கார் ஏசி ஸ்பெஷலிஸ்ட்' என்று போர்டு மாட்டியிருப்பவன் இளவரசன். வாழ்க்கையில் போலீஸ் ஸ்டேஷன் படி மிதித்ததில்லை. கையைக்கூடக் கழுவாமல் பைக்கை எடுத்தான்.

ஸ்டேஷன் வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது.

பதினெட்டு வயசு ஆன கிழட்டுக் கார்... அவனுக்குத் தெரிந்த கார்.

'ஐயோ... இதுவா?'

உள்ளே போனான். சுவர் ஓரமாய்த் தரையில் பச்சையம்மாள் உட்கார்ந்திருந்தாள். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு ரூம் வாடகைக்கு விடும் ஜோதியம்மாள் வீட்டுச் சமையல்காரி. போன மாதம் அவன் அந்தக் காரோடு மூன்று நாள் வெயிலில் மல்லுக்கட்டியபோது, வேளாவேளைக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தவள்.

"தம்பி... நீங்களாவது சொல்லுங்க தம்பி. நான் அப்படிப்பட்டவளா?"

இளவரசனுக்கு ஒன்றும் புரியவில்லை.

மணிமொழி நாற்காலியில் சாய்ந்தாள்.

"நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஜோதியம்மாளை யாரோ தலையில அடிச்சுக் கொன்னுட்டாங்க. ஏழு பவுன் சங்கிலி காணோம். அப்போ வீட்டுல இருந்தது இந்தம்மா மட்டும்."

"நான் மொட்டை மாடியில துணி எடுத்துட்டிருந்தேன்மா..."

"இரும்மா." இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் நின்றவனைக் காட்டினாள். "இவரு அருள்ராஜ். செத்துப்போனவங்களோட அக்கா மகன். நாலரைக்கே வெளிய நிக்கிற அந்தக் கார்ல கிளம்பிட்டேன்னு சொல்றாரு. மறுபடி சொல்லுங்க."

போன மாதம் கார் வேலை நடந்தபோது கூடவே நின்று வேடிக்கை பார்த்த அருள்ராஜ், சிவந்த கண்களைத் துடைத்துக்கொண்டான்.

"அடி அண்ணாமலை தாண்டும்போது ஏசியில சூடா காத்து வந்துச்சுங்க. என்னடான்னு பார்த்தா, இன்ஜின் சூடு காட்டுற முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சு. ஓரங்கட்டி ஒரு மணி நேரம் ஆற வச்சேன்."

"புகை வந்துச்சா?"

"இல்லீங்க மேடம். முள்ளுதான். என் கண்ணால பார்த்தேன். எழுதியே குடுத்துட்டேனே."

"பௌர்ணமியா இருந்தா கிரிவலப் பாதையில லட்சம் சாட்சி இருந்திருக்கும். நேத்து ஒருத்தரும் பார்க்கல. அந்த முள்ளு ஒண்ணுதான் சாட்சி." மணிமொழி ஒரு தாளை நகர்த்தினாள். "கடைசியா வண்டிய ரிப்பேர் பார்த்தவன் நீ. இது சூடாகிற வண்டிதானா? ஆமான்னா கையெழுத்து போட்டுட்டுப் போ."

ஒரே ஒரு ஆமாம்.

போட்டுவிட்டால் போர்டு தப்பிக்கும். பச்சையம்மாள் ஜெயிலுக்குப் போவாள்.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மோரின் பெருங்காய வாசனை இப்போது தொண்டையில் ஏறியது.

"மேடம்... முள்ளு சிவப்புக்குப் போயிருக்க முடியாதுங்க."

"ஏன்?"

காது மடல் கொதித்தது. தரையைப் பார்த்தே பேசினான்.

"முள்ளுக்குச் சூட்டைச் சொல்ற சென்சார் கெட்டுப் போயிருந்துச்சு. அது எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல. மூணு நாள் தேடினேன். இன்னொரு மெக்கானிக்கைக் கேட்க வெட்கம். ரேடியோவுல இருக்குமே, சின்ன ரெசிஸ்டர்... அதை ஒயர்ல முடிச்சுப் போட்டு டேப் சுத்திட்டேன். முள்ளு எப்பவும் நடுவுலயே நிக்கும். புது சென்சார் மாத்திட்டேன்னு பொய் சொல்லிட்டேன்."

யாரோ ஒரு கான்ஸ்டபிள் களுக்கென்று சிரித்தார்.

"காலங்காத்தால குடிச்சிட்டு வந்து உளர்றான் மேடம்," என்றான் அருள்ராஜ்.

"பார்த்துடலாம், வாங்க." மணிமொழி எழுந்தாள்.

ராத்திரி முழுக்க நின்ற கார். இன்ஜின் ஜில்லென்று கிடந்தது. ஸ்டேஷன் டிரைவர் சுப்பன் சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்கூடச் செய்யவில்லை.

முள் விருட்டென்று நடுவுக்கு வந்து நின்றது.

பத்து நிமிடம் இன்ஜின் ஓடியது. முள் இம்மியும் நகரவில்லை.

சுப்பன் அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்தார். கையை உள்ளே விட்டார்.

"இதோ இருக்கே சென்சாரு. இந்தப் பெரிய பைப்புக்கு அடியில. இதையா மூணு நாள் தேடினே?"

அரை நிமிடம்கூட ஆகவில்லை. பூமி பிளக்காதா என்றிருந்தது இளவரசனுக்கு.

அருள்ராஜின் முகத்தில் வியர்வை. "முள்ளை... நான் சரியா கவனிக்காம இருந்திருக்கலாம். ஏசி சூடானது நிஜம் மேடம். சத்தியமா."

அந்தக் குரலில் பொய் இல்லை.

இளவரசன் சட்டென்று நிமிர்ந்தான். ஏசிக்கு ஒரு சென்சார் தனியாக உண்டு. டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால். அதை மட்டும் அவன் ஒழுங்காகத்தான் மாட்டியிருந்தான். அது கழன்றால் ஏசி சூடான காற்றைத்தான் ஊதும். ஆனால் அதுவாகக் கழன்றுகொள்ளாது.

"மேடம்... அந்தப் பெட்டியைக் கழட்டிப் பார்க்கட்டுமா?"

"வேணாம்!" என்றான் அருள்ராஜ்.

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினாள். "ஏன் வேணாம்?"

அருள்ராஜ் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

நான்கு ஸ்க்ரூ. பெட்டி கையோடு வந்தது. சென்சார் ஒயர் பிடுங்கிக்கொண்டு தொங்கியது. அதன் பின்னால், கைக்குட்டையில் சுருட்டிச் செருகிய ஏழு பவுன் சங்கிலி.

ஓடப் பார்த்த அருள்ராஜின் சட்டைக் காலரைச் சுப்பன் பிடித்தார்.

"அந்த இடம் உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மணிமொழி.

"இந்த மெக்கானிக்தான் அன்னிக்குக் கழட்டிக் காட்டினான்... யாரும் கை வைக்காத இடம்னு." அருள்ராஜ் தலையைத் தொங்கப் போட்டான். "வீட்டை எம்பேர்ல எழுத மாட்டேன்னுட்டாங்க... அடிச்சுட்டேன்."

பச்சையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்தாள். இளவரசன் எதிரே நின்றாள்.

"நல்லா இருப்பீங்க தம்பி. ஆனா மூணு நாள் மோரு குடிச்சீங்களே... சொல்லியிருந்தா நானும் கூட சேர்ந்து தேடியிருப்பேனே."

அவனால் தலையை நிமிர்த்த முடியவில்லை. பைக்கை நோக்கி நழுவினான்.

"இளவரசா, நில்லு." மணிமொழியின் பார்வை மரத்தடியில் நின்ற போலீஸ் ஜீப்புக்குப் போனது. "சுப்பண்ணே, போன வருஷம் நம்ம ஜீப்பை யார்கிட்ட வேலைக்கு விட்டோம்?"

"இவன்கிட்டதாங்க மேடம்," என்றார் சுப்பன். "எவ்ளோ ஓட்டினாலும் முள்ளு நடுவ விட்டு நகர்றதே இல்லன்னு நீங்ககூடப் பாராட்டினீங்களே."