இருபதாவது கல்

இதில் எவ்வளவு சரியாக நினைவிருக்கிறது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சிபெக் ஏறியிருந்தது செந்நிறக் குதிரையா, சாம்பல் நிறக் குதிரையா? மழை பிடித்துக்கொண்டது போகும்போதா, திரும்பும்போதா? முப்பது வருடங்களில் பல நாட்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஆனால் கற்கள் பத்தொன்பது. அதில் சந்தேகமே இல்லை. ஒவ்வொன்றையும் கையால் தொட்டு எண்ணியவன் நான். இருபதாவது கல்லைப் பற்றியும் எதையும் மறக்கவில்லை. மறக்க முயன்று பார்த்திருக்கிறேன்.

அந்த வருடம் பனிக்காலக் கடைசியில் தொலுன் ககான் இறந்துபோனான். அல்தாய் மலையிலிருந்து உப்பு ஏரி வரை துருக்கியக் குலங்கள் எல்லாவற்றையும் ஒரே சவுக்கின் கீழ் வைத்திருந்த அரசன். அவனைப் புதைத்த பிறகு, வசந்தக் கடைசியில்தான் எங்களுக்குச் செய்தி வந்தது; கொண்டுவந்தவர் எர்தெமிர். சிபெக் அப்போது அம்பு முனை தீட்டிக்கொண்டிருந்தாள்.

"செத்துட்டானா?" என்றாள். "என்னைக் கேக்காம எப்படிச் சாவான்?"

"காய்ச்சல், மகளே. படுக்கையிலேயே போயிட்டான்."

அவள் தீட்டிய அம்பை முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தாள். அந்த அம்பு ஒன்பது வருடமாக அவனுக்காகவே இருந்தது.

அவளுடைய தந்தை உருங்கு, ககானின் பங்காளி. நானூறு கூடாரங்களுக்குத் தலைவர். அரச ரத்தம் மண்ணில் விழக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் அரச குடும்பத்தானைக் கொல்ல வேண்டுமென்றால் வில்லின் நாணால் கழுத்தை இறுக்குவார்கள். உருங்குவைக் ககான் அப்படித்தான் கொன்றான் என்று சொன்னார்கள். அவர் கழுத்திலிருந்து அந்த நாணை எடுத்தபோது சிபெக்குக்குப் பதின்மூன்று வயது. அன்றிலிருந்து ஒரு சிறிய தோல் பையில் போட்டு அதைத் தன் கழுத்திலேயே தொங்கவிட்டிருந்தாள்.

எர்தெமிர் உருங்குவின் ரத்த சகோதரர். இருவரும் கையைக் கீறி, ரத்தம் கலந்த குதிரைப்பாலை ஒரே கிண்ணத்தில் குடித்தவர்கள். உருங்கு இறந்த அன்றே எர்தெமிர் ஒரு சபதம் செய்தார்: பழி தீரும்வரை தன் வில்லுக்குத் தன் கையால் நாண் முடிச்சுப் போடுவதில்லை. அன்றிலிருந்து அவர் வில்லுக்கும் சிபெக்தான் நாண் முடிந்து கொடுப்பாள். சபதத்தைச் சொல்லும்போது கூடாரங்களில் பெண்கள் கண்களைத் துடைத்துக்கொள்வார்கள்.

"அவன் செத்தா என்ன? கல் இருக்கும்ல?" என்றாள் சிபெக்.



துருக்கிய வீரன் இறந்தால், அவன் தன் கையால் கொன்ற ஒவ்வொருவருக்கும் ஒரு கல் என்று கல்லறையிலிருந்து கிழக்கு நோக்கி வரிசையாக நடுவார்கள். அதை ஏவல் கல் என்பார்கள். கொல்லப்பட்டவன் மறு உலகத்தில் கொன்றவனுக்கு ஏவல் செய்ய வேண்டும்; அவன் குதிரையைப் பிடிக்க வேண்டும், செருப்பைத் துடைக்க வேண்டும். கல் நிற்கும்வரை விடுதலை கிடையாது.

"என் அப்பா அவன் செருப்பைத் துடைக்கக் கூடாது! அந்தக் கல்லைப் பிடுங்கி உடைப்பேன். அவன் பறிச்சுட்டுப் போன எங்க குலத்துத் தங்க ஓநாயையும் கொண்டுவருவேன். அவன் சமாதிக் கம்பத்துல அதைத்தான் மாட்டியிருக்காங்களாம்!"

அவள் என் பக்கம் திரும்பினாள். "ரமியான், நீயும் வா. கல்லுல எழுத்து இருக்கும். எங்க ரெண்டு பேருக்கும் படிக்கத் தெரியாது."

நான் சோக்தியன், சமர்கந்துப் பக்கத்து ஆள். அந்தக் கூடாரங்களில் தங்கி, வந்துபோகும் வணிகர்களுக்குக் கடிதம் எழுதிப் பிழைத்தவன். துருக்கியர்களுடைய எழுத்தைப் படிப்பேன், கல்லில் வெட்டவும் பழகியிருந்தேன்.

"இந்த மைக்கூடு எதுக்கு?" என்று எர்தெமிர் சிரித்தார். "குதிரைக்கு வீண் பாரம். வழியில பசிச்சா தின்னக்கூடத் தேறாது, எலும்புதான்!"

சிபெக் சிரிக்கவில்லை. மறுநாள் காலை மூவரும் கிளம்பினோம்.

சமாதி இருந்த பள்ளத்தாக்கைச் சுற்றிச் செங்குத்தான பாறைகள். உள்ளே போக ஒரே ஒரு கணவாய், அங்கே அறுபது குதிரை வீரர்கள் காவல். ஆனால் மறுபக்கம் ஒரு ஆறு பாறையைக் குடைந்துகொண்டு வெளியே வருகிறது. அந்த இடுக்கில் வெயில் படாது, அதனால் கோடை தொடங்கிய பிறகும் ஆற்றின்மேல் பனிக்கட்டி மூடியிருக்கும். சிறுவயதில் அங்கே மலை ஆடு வேட்டையாடிய எர்தெமிருக்கு அந்த வழி தெரியும்.

"வருஷத்துல முதல் குதிரைப்பால் தெளிக்கிற நாள்ல காவல்காரங்க எல்லாரும் கணவாய்க்குப் போயிடுவாங்க" என்றார். "வானத்துக்குத் தெளிச்சுட்டு, குடிச்சு, பாடி முடிக்க சாயங்காலம் ஆயிடும். நமக்கு அந்த ஒரு பகல்தான்!"

பதினோரு நாள் பயணம். சிபெக் பேசவே மாட்டாள். எனக்கும் மௌனம் பிடிக்கும், ஆகவே பல மைல்கள் குளம்புச் சத்தம் மட்டுமே கேட்கும். எர்தெமிரால்தான் தாங்க முடியாது. "ரெண்டு ஊமைங்களுக்கு நடுவுல மாட்டிக்கிட்டேன்" என்று குதிரையிடம் முறையிடுவார். ஒருநாள் ஈரத்தில் அவர் வில்லின் நாண் தளர்ந்துவிட்டது. சிபெக் பேசாமல் வாங்கிப் புது நாண் முடிந்து கொடுத்தாள். அவர் அதை வாங்கும்போது அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் பார்த்தார். அதைப் பாசம் என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன்.

குறித்த நாள் காலையில் ஆற்று இடுக்கை அடைந்தோம். குதிரைகளை வெளியே கட்டிவிட்டு, சம்மட்டியும் உளியும் தோளில் தொங்க, பனிக்கட்டியின்மேல் நடந்தோம். அடியில் தண்ணீர் உறுமுவது காலில் தெரிந்தது.

"ஓரமா வாங்க! நடுவுல கறுப்பாத் தெரியுற இடத்துல கால் வைக்காதீங்க!" என்று எர்தெமிர் கத்தினார்.

சொல்லி வாய் மூடவில்லை. படார்! சிபெக் நின்ற இடம் உடைந்தது. அவள் மார்பளவு தண்ணீருக்குள் போய்விட்டாள். வெள்ளம் அவளைக் கட்டிக்கு அடியில் இழுத்தது. இரண்டு கைகள் மட்டும் விளிம்பைப் பிடித்திருந்தன. நான் கத்தினேன். கத்தியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

எர்தெமிர் குப்புற விழுந்து ஊர்ந்தார். இடுப்பிலிருந்த தோல் கயிற்றை உருவினார். அவர் விரல்கள் என்ன செய்தன என்று பார்க்கவே முடியவில்லை, அவ்வளவு வேகம்! ஒரு சுருக்கு. அது அவள் தோள் வழியாக இடுப்பில் விழுந்து இறுகியது. "பிடி, மைக்கூடே! இழு!"

இழுத்தோம். அவள் மீனைப்போலக் கட்டியின்மேல் வந்து விழுந்தாள். எர்தெமிர் தன் மேலங்கியைக் கழற்றி அவளைச் சுற்றினார். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"அழாதீங்க சித்தப்பா. கல்லை உடைக்காம நான் சாவேனா?"

நனைந்த தோல் முடிச்சு அவிழவில்லை. கயிற்றை மட்டும் அறுத்தோம். சுருக்கு அவள் இடுப்பிலேயே இருந்தது.

நடுப்பகலில் பள்ளத்தாக்கு திறந்தது. பச்சைப் புல்வெளி. நடுவில் ககானின் மண்மேடு. அதன் தலைப்பக்கம் உயர்ந்த கம்பம், உச்சியில் வாயைப் பிளந்த தங்க ஓநாய்த் தலை. தூரத்தில் கணவாய்ப் பக்கமிருந்து முரசும் பாட்டும் கேட்டன. மேட்டிலிருந்து கிழக்கே ஏவல் கற்கள் வரிசையாக நின்றன.

சிபெக் ஓடினாள். ஒவ்வொரு கல்லிலும் கொல்லப்பட்டவனின் குல முத்திரை வெட்டப்பட்டிருக்கும். அவள் குலத்து முத்திரை இரட்டைக் கொம்பு. முதல் கல்லிலிருந்து கடைசிக் கல் வரை ஓடினாள். திரும்பி ஓடிவந்தாள்.

"இல்ல! அப்பா கல் இல்ல!"

"நல்லாப் பாரு மகளே. இருக்கணும்."

"நீங்களே பாருங்க!"

நான் தொட்டு எண்ணினேன். பத்தொன்பது. வரிசைக்கு அப்பால், புல்லில் இன்னொரு கல் படுத்துக் கிடந்தது. கொண்டுவந்து நடாமல் விட்ட கல். அதில் முத்திரை எதுவும் இல்லை.

எர்தெமிரின் முகத்தைப் பார்த்தேன். கடைசிக் கல்லை அவர் வெறித்துக்கொண்டிருந்த விதம், வீட்டுக்கு வந்தவன் கதவு இருந்த இடத்தில் சுவரைக் கண்டது போலிருந்தது.

"ரமியான், தலைமாட்டுல நிக்கிற அந்தப் பெரிய கல்லைப் படி" என்றாள் சிபெக்.

"நேரமில்ல" என்றார் எர்தெமிர். "ஓநாயை எடுத்துட்டுக் கிளம்புவோம். பாட்டு நின்னுடும்."

"படி."

சமாதியின் தலைமாட்டுக் கல்லில், துருக்கிய அரசர்களின் வழக்கப்படி, இறந்தவனே பேசுவது போல எழுதியிருந்தது. முதலில் மனதுக்குள் படித்தேன். பிறகு நிறுத்திவிட்டேன். அவர்கள் இருவருக்கும் எழுத்து தெரியாது. நான் எதையும் சொல்லியிருக்கலாம். 'உருங்குவைக் கொன்றேன்' என்று சொல்லியிருந்தால் அவள் அந்தப் பெரிய கல்லையே உடைத்துவிட்டு நிம்மதியாகத் திரும்பியிருப்பாள். எர்தெமிர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை, கெஞ்சல் இருந்தது. 

பிறகு உள்ளதை உள்ளபடி படித்தேன்.

"பத்தொன்பது பேரை என் கையால் கொன்றேன். பத்தொன்பது கல் நடுங்கள். உருங்குவுக்குக் கல் நடாதீர்கள். சாகச் சொன்னது நான். கொன்றது என் கை அல்ல. அவனோடு ஒரே கிண்ணத்தில் குடித்தவன் கை. பொய்க் கல்லோடு நான் வானத்தின் முன் போக மாட்டேன்."

முரசு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

சிபெக் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தாள். கழுத்துப் பையைத் திறந்து நாணை எடுத்தாள். அதன் சுருக்கை இடுப்பு முடிச்சுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு சுற்று, முனை இடப்பக்கம் மடங்கி அடியில் நுழைகிறது. வில்லாளிகளில் ஒவ்வொருவனும் சுருக்கைத் தன் போக்கில்தான் போடுவான்; அது அவன் நடை மாதிரி. இரண்டு முடிச்சும் ஒன்றேதான்.

"இதுக்குத்தானா சபதம்?" என்றாள். "என் கண்ணுல இந்த முடிச்சு படக்கூடாதுன்னா?"

எர்தெமிர் மண்டியிட்டார். "உன்னை விட்டுடுறேன்னு சொன்னான். நான் செய்யலன்னா உன்னையும் சேர்த்து..."

"வேற என்ன சொன்னான்?"

அவர் கை புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

"வேற என்ன?"

"ஆயிரம் குதிரை வீரருக்குத் தலைமை."

"குடுத்தானா?"

"இல்ல."

அவள் சிரித்தாள். ஒன்பது வருடத்தில் அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

"அவன் பெருமைக்காரன்" என்றார் எர்தெமிர். "உங்கப்பனைத் தானே கொன்னதா ஒரு கல் நட்டிருப்பான்னு நெனச்சேன். நீ அதை உடைச்சிடுவ, உன் மனசு ஆறிடும்னு... கொன்னுடு மகளே. இந்தா கத்தி."

சிபெக் கத்தியை வாங்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அவள் குரல்தான் கேட்டது.

"உன்னை என் கையால கொன்னா என் சமாதிக்கு ஒரு கல் வரும். மறு உலகத்துல நீ எனக்கு ஏவல் செய்வ. தினமும் உன் மூஞ்சியைப் பாக்கணும். அது எனக்கு வேண்டாம்." கத்தியால் படுத்துக் கிடந்த கல்லைக் காட்டினாள். "எந்திரி. குழி தோண்டு."

அவரே தோண்டினார். அவரே கல்லை நிமிர்த்தினார். நானும் அவளும் சேர்ந்தாலும் அதை அசைத்திருக்க முடியாது.

"ரமியான், இவன் முத்திரையை வெட்டு."

எர்தெமிரின் முத்திரை ஒரு கொக்கி. எனக்குப் புரிந்தது. தொலுன் ககான் கொன்றவர்களின் வரிசையில் எர்தெமிருக்கும் கல். அவர் சாகும் நாளில் அவருடைய உயிர் ககானின் செருப்பைத் துடைக்கப் போகும். அதற்கு முன்பே அவர் செத்தவர். கல் நின்றுவிட்ட மனிதனோடு எந்தத் துருக்கியனும் பேசமாட்டான், குடிக்கப் பால் தரமாட்டான், பக்கத்தில் உட்காரமாட்டான்.

"இது பொய்க் கல் ஆகாதா?" என்று கேட்டேன்.

"எங்க சித்தப்பாவை அவன் அன்னைக்கே கொன்னுட்டான்" என்றாள். "ஆயிரம் குதிரை காட்டிக் கொன்னான். வெட்டு."

உளியின் ஒவ்வொரு அடியும் பாறையில் மோதித் திரும்பி வந்தது. முடித்ததும் உளியைப் பையில் போட்டேன். சிபெக் அந்த நாணை இருபதாவது கல்லின் கழுத்தில் சுற்றினாள். பிறகு கம்பத்தில் தாவி ஏறி, தங்க ஓநாயை அறுத்து எடுத்தாள்.

பாட்டு நின்றது.

"கம்பம் காலி! ஓநாயைக் காணோம்!" கணவாயிலிருந்து கூச்சல். குதிரைகள் பாய்ந்து வந்தன!

எர்தெமிர் பழக்கத்தில் வில்லை எடுத்துக்கொண்டு எங்கள் பின்னால் இரண்டடி வைத்தார்.

"செத்தவங்க கூட வரமாட்டாங்க" என்றாள் சிபெக், திரும்பாமல்.

அவர் நின்றுவிட்டார்.

நாங்கள் ஓடினோம். அம்புகள் பக்கத்தில் சீறின. ஒன்று என் உளிப்பையைத் துளைத்தது. ஆற்று இடுக்கில் நுழைந்து பனிக்கட்டியின் ஓரமாகப் பாய்ந்தோம். எங்கள் பின்னால் இறங்கிய முதல் குதிரையின் எடை தாங்காமல் கட்டி நீளவாக்கில் பிளந்தது! குதிரையும் வீரனும் கரைக்குத் தத்தளித்தார்கள். மற்றவர்கள் கடிவாளத்தை இழுத்து நின்றார்கள். வெளியே வந்து குதிரைகளில் ஏறினோம். மூன்றாவது குதிரையை அவள் அவிழ்த்துவிட்டாள்.

தங்க ஓநாயோடு நாங்கள் திரும்பிய அன்று நானூறு கூடாரங்களும் வாசலுக்கு வந்து கூவின. எர்தெமிர் எங்கே என்று கேட்டவர்களிடம் சிபெக் இருபதாவது கல்லைப் பற்றிச் சொன்னாள். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு அதிலிருந்து தெரிந்தது கொஞ்சம்தான்: பழி தேடிப் போகிறவர்கள் பக்கத்தில் வருபவரின் கையையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

காவல்காரர்கள் எர்தெமிரைக் கொல்லவில்லை. தன் கல்லிலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தவரைக் கண்டு பயந்து விலகிப் போனார்களாம். உப்பு ஏரிக்கரையில் பதினாறு வருடம் தனியாக அலைந்தார். கடைசியில் அந்தக் கல்லின் காலடியில்தான் இறந்துகிடந்தார். யாரும் புதைக்கவில்லை. சிபெக் இருபத்தாறு வருடம் தன் குலத்தை ஆண்டாள். அவள் சமாதிக்கு ஒரு ஏவல் கல்கூட இல்லை. தங்க ஓநாய் அவள் தந்தையின் சமாதியில் இருக்கிறது. நான் சமர்கந்தில் இருக்கிறேன். கடிதம் எழுதுகிறேன். கல்லில் எழுதுவதில்லை.