அந்தக் காரில் கேஸ் வாசனை!

"ஐயோ...ஓ...ஓ!"

காலை ஆறரை மணிக்குக் கார் ஷெட்டிலிருந்து கிளம்பியது அந்த அலறல்.

எதிர்வீட்டுக்காரர் வாய் நிறையப் பற்பசை நுரையோடு ஓடி வந்தார். யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதல் ஆளாக ஆஜராகிற உத்தமர். உதவி செய்ய அல்ல... பார்க்க!

ஷெட்டுக்குள் ஒரு குட்டிச் சிவப்புக் கார். முன்சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தார் அதன் சொந்தக்காரர். வாய் திறந்திருந்தது. கண்ணும் திறந்திருந்தது.

உயிர் மட்டும் இல்லை!

தெருவில் அவருக்குப் பட்டப்பெயர் 'மிச்சம்'. எதைப் பார்த்தாலும் "இதுல எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்?" என்று கேட்கிற ஜென்மம். முந்தின நாள்தான் பெட்ரோல் காரைக் கேஸில் ஓடுகிற மாதிரி மாற்றிக்கொண்டு வந்திருந்தார். புது டேங்க்கை எவனாவது கழற்றிக்கொண்டு போய்விடுவானோ என்று பயம். கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் காருக்குள்ளேயே படுத்துவிட்டார். கட்டின மனைவியைக்கூட அந்த மனுஷன் இப்படிக் காவல் காத்ததில்லை.

மனைவி ஷெட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எழுப்பலாம்னு வந்தேன்... கார் கதவைத் திறந்ததும் குப்புன்னு கேஸ் வாசனை... உங்களுக்கு வரலையா?"

எதிர்வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

"வருதே! எங்க வீடு வரைக்கும் வந்துச்சேம்மா!"

ஏழரை மணிக்கு இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளோடு வந்தார். விஷயத்தைக் கேட்டார். உடனே கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். உடலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஷெட்டைச் சாத்தி வைக்கச் சொன்னார். 'கேஸ் நெடி தாங்காமல் எனக்கே தலை சுற்றியது' என்று ரிப்போர்ட்டில் தன் கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

பத்து மணிக்கு, அந்தக் காரில் கேஸ் பொருத்திய மெக்கானிக்கைக் கையோடு பிடித்து வந்தார்கள்.

மெக்கானிக் ஒரு பெண். கையில் கிரீஸ்... கண்ணில் திகில்.

"ஏம்மா, ஸ்பேனர் பிடிக்கத் தெரியாததெல்லாம் ஒர்க்‌ஷாப் வைக்குது! ஒரு உயிரை எடுத்துட்டியே!" என்று சீறினார் இன்ஸ்பெக்டர்.

"என் வேலையில லீக் வராது சார்."

"வராமத்தான் அந்தாளு செத்தானா? உன் லைசென்ஸ் போச்சு. ஒர்க்‌ஷாப்புக்குப் பூட்டு. உள்ள போனா ஏழு வருஷம்... களி தின்னுக்கிட்டே யோசி, எந்த நட்டை முறுக்காம விட்டோம்னு!"

அது அவள் பன்னிரண்டு வருஷம் ராப்பகலாக உழைத்து நிறுத்திய ஒர்க்‌ஷாப். இந்த மனிதரின் மூக்கை நம்பி அதற்குப் பூட்டுப் போடப் போகிறார்கள்!

"காரை ஒரு தடவை பார்த்துக்கலாமா சார்?"

"பாரு. உன் கைவரிசையை நீயே ரசிச்சுக்க."

ஷெட்டைத் திறந்தார்கள். அவள் டிக்கியைத் திறந்து டேங்க்கைத் தடவிப் பார்த்தாள். குனிந்து, பின்பக்கம் பம்பருக்குக் கீழே கேஸ் நிரப்பும் வாயைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

நிமிர்ந்தபோது அந்த முகத்தில் திகில் இல்லை. இளக்காரம் இருந்தது.

"சார், இப்பவும் வாசனை வருதா?"

"வராம? மண்டையைப் பிளக்குது!"

"உங்களுக்கு?"

கான்ஸ்டபிள் முதலில் இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்தார். பிறகுதான் மோந்தார்.

"எனக்குக் கண்ணே எரியுது."

"எனக்கு வாந்தியே வந்துடுச்சு. ரெண்டு தடவை!" என்றார் எதிர்வீட்டுக்காரர், யாரும் கேட்காமலே.

மனைவி ஷெட் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தாள். "நான்தான் காலையிலயே சொன்னேனே..."

மெக்கானிக் கான்ஸ்டபிளிடம் கையை நீட்டினாள்.

"தீப்பெட்டி இருக்கா?"

கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டார். யோசிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

அவள் காருக்குள் ஏறினாள். கதவைச் சாத்தினாள். ஒரு குச்சியை எடுத்தாள்.

"ஏய்...! ஏய்! என்ன பண்றே!"

சரக்!

இன்ஸ்பெக்டர் ஓடினார்! வாழ்க்கையில் ஒரு திருடனைக்கூட விரட்டிப் பிடிக்காத அந்தக் கால்கள் காம்பவுண்டுச் சுவரை ஒரே தாவலில் தாண்டின. கான்ஸ்டபிள் அவர் மேலேயே போய் விழுந்தார். எதிர்வீட்டுக்காரர் இரண்டு பேர் மேலேயும் விழுந்தார்.

தீக்குச்சி எரிந்தது... விரல் வரை எரிந்தது... அணைந்தது.

அவ்வளவுதான்.

"எழுந்து வாங்க சார். வெடிக்காது."

சுவருக்கு மேலே மூன்று தலைகள் முளைத்தன.

"புது டேங்க் காலியாத்தான் சார் வரும். நாங்க மாட்டிக் கொடுக்கிறதோட சரி. பெட்ரோல்லயே பங்க்குக்கு ஓட்டிட்டுப் போய் அங்கதான் கேஸ் நிரப்பிக்கணும். நிரப்புற வாயில நான் ஒட்டின சீல் கிழியாம அப்படியே இருக்கு, வந்து பாருங்க. இந்த டேங்க்குக்குள்ள இதுவரைக்கும் துளி கேஸ் போனதில்ல!"

"அப்போ... நாங்க மோந்தது?"

"அதை உங்க மூக்கைத்தான் கேட்கணும்."

இன்ஸ்பெக்டரின் செல்போன் அலறியது. ஆஸ்பத்திரி டாக்டர். கேட்கக் கேட்க இன்ஸ்பெக்டரின் முகம் வெளிறியது.

"கேஸ் இல்லையாம்... மூச்சை அடைச்சுக் கொன்னுருக்காங்களாம்! பல்லிடுக்குல தலையணைப் பஞ்சு..."

"சார், மூணு பேர் ஓடினீங்க. ஒருத்தர் ஓடல. ஓடுற அவசரத்துல நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க."

எல்லாரும் திரும்பினார்கள்.

மனைவி அதே நாற்காலியில் இருந்தாள். நாற்காலி ஒரு அங்குலம்கூட நகரவில்லை!

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அவரே போயிட்டார்... எனக்கு எதுக்கு உயிரு? வெடிச்சா வெடிக்கட்டும்னு இருந்துட்டேன்..."

கான்ஸ்டபிளுக்கு உடனே கண் கலங்கிவிட்டது. இப்போது அதில் நெடி எதுவும் கலக்கவில்லை.

"அப்படியா?" என்றாள் மெக்கானிக். "நேத்து என் ஒர்க்‌ஷாப்ல நின்னுக்கிட்டு உங்க வீட்டுக்காரர் போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பேசினார். 'பெட்ரோல் அரை டேங்க் இருக்கு, அது தீராம கேஸ் நிரப்ப மாட்டேன்'னார். 'சரி, நிரப்பாமலே வாங்க'ன்னு பதில் சொன்னது உங்க குரல்தானே?"

மெக்கானிக் நாற்காலிக்கு எதிரே வந்து நின்றாள்.

"டேங்க் காலின்னு தெரிஞ்சும், காலையில முதல் ஆளா கேஸ் வாசனைன்னு ஏன் சொன்னீங்க?"

விசும்பல் நின்றது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். முகத்தில் ஒரு துளி ஈரம் இல்லை.

"என் தையல் மெஷினை வித்துட்டான்யா அந்தாளு! என்னை ஒரு வார்த்தை கேட்கல. இருபத்திரண்டு வருஷமா அதுல நான் தைச்சுத்தான் இந்த வீட்ல அடுப்பு எரிஞ்சுது. அதை வித்துத்தான் இந்த டேங்க்கை மாட்டினான். ராத்திரி படுக்கத் தலையணை கேட்டான்..."

காரின் முன்சீட்டைப் பார்த்தாள்.

"கொடுத்தேன்."

மெக்கானிக் டிக்கியை மூடினாள். அந்தப் புது டேங்க்கைப் பார்க்க அவளுக்கே இப்போது பிடிக்கவில்லை.

"கேஸுன்னு சொல்லி எங்க எல்லாரையும் ஏமாத்திட்டியே!" என்று குதித்தார் இன்ஸ்பெக்டர்.

"நான் ஒரே ஒரு பொய்தான் சொன்னேன். நெடி, தலைசுத்தல், ரெண்டு வாந்தி எல்லாம் அதுல சேர்த்துக்கிட்டது நீங்க. டேங்க்கைப் பார்க்கிற அளவுக்கு உங்களுக்கு மூளை இருக்காதுன்னு நினைச்சேன். அது தப்பில்ல. இவ வருவான்னுதான் தெரியாமப் போச்சு."

செருப்பில் ஒட்டியதைப் பார்க்கிற மாதிரி மூன்று ஆண்களையும் பார்த்துவிட்டு, யாரும் பிடித்து இழுக்காமல் அவளே போய் ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். குரல் குழைந்தது.

"ஏம்மா... இந்த 'நெடி தாங்காமல்'னு எழுதினதை என்ன பண்றது? மேலிடத்துல பார்த்தா மானம் போயிடுமே..."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"மூக்கைப் பத்தி எழுதினதை அடிச்சிடுங்க சார். காலைப் பத்தி எழுதுங்க... அதுதான் பிரமாதமா வேலை செய்யுது!"